பொங்கலுக்குப் பிறகு வந்த லோ சுகர்: ஒரு நிகழ்வு ஆய்வு

தை மாதத்தில் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் வந்து உட்காருவார்கள்: “பண்டிகையில கொஞ்சம் கூடிப்போச்சு மேடம், ஒரு சார்ட் எழுதிக் குடுங்க.” இந்த அம்மா வந்தது வேறு காரணத்துக்காக. தீபாவளியிலிருந்து மூன்று மாதமாக ஏறிக்கொண்டே இருந்த சர்க்கரை, பொங்கல் முடிந்த பத்தாம் நாள் காலையில் 58க்கு இறங்கிவிட்டது. பண்டிகையில் சாப்பிட்டதை ஒரேயடியாகச் சரிக்கட்டப் போன இடத்தில் நடந்தது அது. எழுதி வைக்கலாம் என்று தோன்றியதற்கு அதுவே காரணம்.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து பற்றிய முடிவுகள் எல்லாம் அவருடைய மருத்துவர் எடுத்தவை. நான் உணவியல் ஆலோசகர். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை இல்லை.

நோயாளி

வயது 53. டெல்டா மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். வீட்டில் ஓய்வுபெற்ற கணவர், எண்பதைத் தாண்டிய மாமியார். மகனும் மருமகளும் இரண்டு பேரப் பிள்ளைகளும் பெங்களூருவில். இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பாட்டோடு. கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் காலையில் சாப்பாட்டுக்கு முன். வேறு பெரிய நோய் எதுவும் இல்லை.

இவர் கட்டுப்பாடே இல்லாத ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆவணியில் எடுத்த மூன்று மாத சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 7.2 சதவீதம். எடை 66.8 கிலோ. தினமும் விடிகாலையில் பக்கத்துத் தெருத் தோழியோடு பள்ளிக்கூட மைதானத்தில் முக்கால் மணி நேரம் நடப்பார். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். காபியில் சர்க்கரையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. மருத்துவர் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டும் நோயாளி.

தை கடைசியில் பார்த்தபோது ஹெச்பிஏ1சி 8.4. வெறும் வயிற்றில் 168, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 251. எடை 68.9. இடுப்பு 92 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது என்பார்கள்.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது. ஆகவே தையில் எடுத்த ரத்தம் ஐப்பசி முதல் நடந்ததைச் சொல்லும், கடைசி ஒரு மாதத்தைச் சற்று உரக்கச் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலும் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டலாம் என்பதால் மருத்துவர் ஹீமோகுளோபினையும் பார்த்தார்: 12.1. தைராய்டு சரி. சிறுநீரில் தொற்று இல்லை. ஆக, ஏறியது ஏறியதுதான்.

அன்று காலை

காணும் பொங்கலுக்கு மறுநாள் மகன் குடும்பம் கிளம்பிப் போனது. வீடு அடங்கியதும் அவர் எடை மெஷினில் ஏறிப் பார்த்தார். அன்று மாலையே உறவினர் குழு ஒன்றில் வாட்ஸ்அப்பில் ஒரு ‘மூன்று நாள் உடம்பைக் கழுவும் திட்டம்’ வந்து சேர்ந்தது. காலையில் கொள்ளு ஊறிய தண்ணீர், பத்து மணிக்கு வெள்ளரிச் சாறு, மதியம் பழம், இரவு காய்கறி சூப். தை பிறந்தாயிற்று, வழியும் பிறக்கட்டும் என்று ஒரு திங்கள்கிழமை தொடங்கினார்.

முதல் நாள் தலைவலியோடு போயிற்று. இரண்டாம் நாள் விடிகாலையில் மூன்று மாதத்துக்குப் பிறகு மைதானத்துக்குப் போய், விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தார். வந்து கிளிமிபிரைடு போட்டுக்கொண்டார். கொள்ளுத் தண்ணீர் குடித்தார். ஒன்பதரை மணிக்குத் துணி காயப்போடும்போது கை நடுங்கியது, ரவிக்கை தொப்பலாக நனைந்தது, கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்ட வரவில்லை. மாமியார் பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டார். கணவர் சுகர் மெஷினைக் கொண்டுவந்து குத்திப் பார்க்க, 58.

70க்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரை, அதாவது லோ சுகர். உடனே வேண்டியது சுமார் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதையே இன்னொரு முறை. ஏறியதும் ஒழுங்கான சாப்பாடு. ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த வீட்டில் கொடுத்தது தாம்பூலப் பையிலிருந்த லட்டு. முந்தின நாள் கணவர் மட்டும் போய்வந்த ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 64தான். லட்டில் சர்க்கரை நிறைய இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் நெய்யும் கடலைமாவும் சேர்ந்தால் அது இரைப்பையை விட்டு இறங்கவே நேரமாகும். தாழ்சர்க்கரைக்கு லட்டு, மைசூர்பாகு, பால்கோவா எல்லாம் மெதுவான மருந்து. மாடியில் குடியிருந்த நர்சிங் படிக்கும் பெண் வந்து சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்த பிறகு 97 வந்தது.

இதில் என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. வைகுண்ட ஏகாதசிக்கும் இவர் முழு நாள் உபவாசம் இருந்திருக்கிறார். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று கேட்டேன். “அன்னிக்கு வெறும் வயித்துல சுகர் மாத்திரை போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்களே, அதனால போடல.” அப்படியானால் இந்தத் திட்டத்தின்போது ஏன் போட்டீர்கள்? “அது விரதம் மேடம். இது டயட்டுதானே.”

உடம்புக்கு இரண்டும் பட்டினிதான். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வருகிறதா இல்லையா என்று காத்திருக்காது. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, இன்சுலின் எடுத்துக்கொள்கிறவர்கள் பண்டிகை முடிந்ததும் பட்டினியில் குதிப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். உடம்பைக் கழுவ ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் வேலை செய்கின்றன. கொள்ளு நல்ல தானியம், ரசம் வைத்துச் சோற்றோடு சாப்பிடலாம்.

காலண்டரும் மாத்திரை டப்பாவும்

“என்ன சாப்பிட்டீர்கள்?” என்று நேரடியாகக் கேட்டால் யாருக்கும் நினைவு வராது. நினைவு வந்தாலும் சொல்ல மனம் வராது. அதனால் இரண்டு பொருட்களைக் கொண்டுவரச் சொன்னேன்: சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர், மாத்திரை டப்பா.

காலண்டரில் பால் கணக்கு இருந்தது. வழக்கமாக நாளுக்கு ஒரு லிட்டர். ஐப்பசியில் ஒன்பது நாளும் மார்கழிக் கடைசியிலிருந்து தை முதல் வாரம் வரையிலும் இரண்டரை லிட்டர். சிலிண்டர் மாற்றிய தேதியும் குறித்திருந்தார். சாதாரணமாக ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். தீபாவளிச் சிலிண்டர் நான்கே வாரத்தில் தீர்ந்திருக்கிறது. மைதானத்தில் நடந்த நாளுக்கெல்லாம் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடுகள் தீபாவளிக்குப் பதினாறு நாள் முன்பே நின்றுவிட்டன.

முன்பே! வீட்டில் எல்லாரும் தீபாவளியால் நடை நின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் நிறுத்தியது மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் இறங்கினால் டிசம்பர் வரை விடாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது, கடலோரத்தில் இன்னும் கூடுதல். பள்ளி மைதானம் குளமாகிவிட்டது. அதே வாரம் நடைத்தோழி மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார். இடமும் போயிற்று, துணையும் போயிற்று. தீபாவளி அதற்கப்புறம்தான் வந்தது. தீபாவளி முடிந்து திரும்ப ஆரம்பிக்கலாம் என்றால் கார்த்திகை அடைமழை. மழை விட்டால் மார்கழிப் பனி, தலையில் இறங்கும் என்று மாமியார் விடவில்லை. பனி முடிந்தால் பொங்கல்.

மேலைநாட்டுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு உறுத்தும் இடமும் இதுதான். அங்கே கிறிஸ்துமசும் புத்தாண்டும் முடிந்தால் பண்டிகைக்காலம் முடிந்தது. ஜனவரி இரண்டாம் தேதி காலியான நாள். நமக்கு அப்படி ஒரு காலியான நாள் இல்லை. பொங்கல் முடிந்தால் தை முகூர்த்தம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், அதற்குள் மாம்பழம் வந்துவிடும். “எல்லாம் முடியட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்” என்பவர் ஆடி வரைக்கும் காத்திருக்கலாம்.

அடுத்தது டப்பா. தீபாவளிக்கு முன் மகன் மூன்று மாத மாத்திரையையும் மொத்தமாக வாங்கி வைத்திருந்தார்: மெட்ஃபார்மின் 180, கிளிமிபிரைடு 90. கிளிமிபிரைடில் கணக்குக்கு மேல் மூன்றே மூன்று மீதி. மெட்ஃபார்மினில் 34 மீதி. காலை மாத்திரை தவறவே இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். கிளிமிபிரைடு கணக்கும் அதையே சொன்னது. அப்படியென்றால் தவறியதெல்லாம் இரவு மாத்திரை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

காரணம் கேட்டால் மறதி என்றார். கிளறிப் பார்த்தபோது மறதிக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. இரவுச் சாப்பாடு எட்டு மணியிலிருந்து பத்து, பத்தரைக்குப் போய்விட்டது. பேரப் பிள்ளைகளுக்கு ஊட்டி, மகனுக்கும் மருமகளுக்கும் தோசை வார்த்து, கணவருக்குப் போட்டு, கடைசியில் அடுப்படியில் நின்றபடியே இரண்டு தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு அடுப்பைத் துடைப்பார். உட்கார்ந்து தட்டு வைத்துச் சாப்பிட்டால்தான் மாத்திரை ஞாபகம் வரும். விருந்தாளிகள் போன பிறகும் பத்து மணிச் சாப்பாடு அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் கணவர் அதற்குள் ஒன்பது மணி சீரியலுக்குப் பழகியிருந்தார். பத்தரைக்குச் சாப்பிட்டால் பதினொன்றரைக்குத் தூக்கம். அப்படித் தூங்கினால் விடிகாலை நடைக்கு எழுந்திருக்க முடியாது, மழை இல்லாத நாளிலும்கூட.

மாத்திரை, நடை, தூக்கம் மூன்றையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருந்த மாதிரி. ஆணி இரவு எட்டு மணிச் சாப்பாடு. அது பிடுங்கிக்கொண்டதும் எல்லாம் ஒன்றாகக் கீழே விழுந்தன.

“காரம் மட்டும்தான் மேடம்”

இனிப்பு விஷயத்தில் அவர் சொன்னது ஏறத்தாழ உண்மை. தீபாவளியன்று லேகியமும் ஒரு துண்டு மைசூர்பாகும், பொங்கலன்று ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல், மார்கழியில் கோயில் பிரசாதமாக அவ்வப்போது ஒரு தொன்னை வெண்பொங்கல். “ஸ்வீட்டைத் தொடவே இல்லைங்க. காரம் மட்டும்தான்.”

அந்தக் காரத்தைப் பார்ப்போம். தீபாவளிக்கு மூன்று கிலோ அரிசி ஊறவைத்து அரைத்து முறுக்கு, தட்டை, நாடா. கொடுத்தது போக மீதி ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில். டப்பா இருந்த இடம் டிவிக்குப் பக்கத்து அலமாரி. நான்கு மணிக் காபிக்கு இரண்டு முறுக்கு, சீரியலுக்கு ஒரு கைப்பிடி மிக்சர். கார்த்திகைப் பொரி வந்தது, போயிற்று. டப்பா மட்டும் தையில் ஒரு தடவை நிரம்பியது. நாக்குக்குக் காரமாக இருந்தாலும் முறுக்கு அரிசி மாவும் எண்ணெயும்தான். நூறு கிராமில் ஏறத்தாழ ஐந்நூறு கலோரி. ரத்தத்தில் அது சோறு மாதிரியே சர்க்கரையாக மாறும். எண்ணெய் சேர்ந்திருப்பதால் சற்றுத் தாமதமாக ஏறி, நேரம் கழித்தும் இறங்காமல் நிற்கும். இனிப்பு மட்டும்தான் சர்க்கரை நோய்க்கு ஆகாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் எவ்வளவு ஆழம் என்பதற்கு அந்த டப்பா சாட்சி. வெல்லம் போட்டால் பரவாயில்லை என்பதும் இதே ரகம். வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரைதான்.

காபியிலும் ஒன்று தெரிந்தது. சர்க்கரை இல்லாமல் குடிப்பவர்தான். ஆனால் எட்டுப் பேருக்குச் சேர்த்துக் கலக்கும்போது பாத்திரத்திலேயே சர்க்கரையைப் போட்டு ஆற்றிவிடுவார். கடைசியில் நிற்கும் முக்கால் டம்ளர் யாருடையது? கொட்ட மனம் வராது, குடித்துவிடுவார். விருந்தாளி இருந்த நாட்களில் நாளுக்கு மூன்று தடவை.

நவராத்திரிச் சுண்டலை இங்கே சொல்லியாக வேண்டும். நம் பண்டிகைப் பலகாரங்களிலேயே நீரிழிவுக்காரருக்கு ஏற்றது அதுதான், அதற்குத்தான் யாரும் டப்பா நிரப்பி வைப்பதில்லை.

என்ன செய்தோம்

மருத்துவர் மாத்திரையைக் கூட்டவில்லை. எழுதிக் கொடுத்த அளவே உள்ளே போகாதபோது அது போதவில்லை என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். பன்னிரண்டு வாரம் பார்க்கலாம், அதற்குள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 200ஐத் தாண்டினாலோ மறுபடி தாழ்ந்தாலோ உடனே வர வேண்டும் என்றார். சாப்பிடாமல் இருக்கும் நாள், பெயர் விரதமானாலும் டயட்டானாலும், கிளிமிபிரைடு பற்றி என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டச் சொன்னார்.

நான் சார்ட் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்கு அதில் ஏமாற்றம். ஆவணி வரை 7.2ல் வைத்திருந்தவருக்கு எதைச் சாப்பிட வேண்டும் என்று புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. கழன்ற ஆணியை அடித்தால் போதும். முதல் மூன்று வாரத்துக்குக் கேட்டது இவ்வளவுதான்: எட்டு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுவது, தட்டுப் பக்கத்திலேயே மாத்திரை, சாப்பிட்டதும் மொட்டை மாடியில் பத்து நிமிடம். காலை நடையைப் பற்றிப் பேசவே இல்லை.

இரவு நடையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2016ல் வெளியிட்டார்கள். நாளில் ஏதோ ஒரு நேரம் அரை மணி நடப்பதையும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். மொத்த நேரம் ஒன்றேதான். சாப்பிட்டபின் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். காலையைவிட இரவில்தான் நாம் அதிகம் சாப்பிட்டுவிட்டு அசையாமல் உட்காருகிறோம் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. வேலை செய்யும் தசை இன்சுலினுக்காக அதிகம் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மொட்டை மாடிக்குத் துணை வேண்டாம், மைதானம் வேண்டாம். மழை பெய்தால் ஹாலில் நடக்கலாம்.

எட்டு மணிக்குச் சாப்பிடுவதுதான் கடினமாக இருந்தது. “அவருக்குப் போடாம நான் எப்படி முன்னாடி உட்கார்றது?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஊட்டச்சத்துப் புத்தகங்களில் பதில் கிடையாது. மாமியார் தினமும் ஏழரைக்கே சாப்பிட்டுவிடுவார் என்று பேச்சுவாக்கில் வந்தது. சரி, அத்தையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவரோடு உட்காருங்கள் என்றேன். பெரியவருக்குத் துணையாகச் சாப்பிடுவதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. மாமியாருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடமாகத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் வீட்டில் எல்லாருக்கும் உறைத்தது. கணவர் முதல் வாரம் முறைத்துக்கொண்டு ஒன்பதரைக்கு ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டார். இரண்டாவது வாரம் அவரும் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். சூடான தோசை என்றால் சும்மாவா?

முறுக்கு டப்பா சமையலறைப் பரணுக்குப் போயிற்று. தூக்கிப் போடச் சொல்லவில்லை, சொன்னாலும் நடக்காது. பாதியை மகனுக்குப் பார்சல் போட்டு அனுப்பினார்கள். வாரம் ஒரு முறை, ஞாயிறு காலை, எடை. அதைக் காலண்டரில் பால் கணக்குக்குக் கீழே எழுதுவார்.

பந்தி

தை முகூர்த்தங்களில் மூன்று கல்யாணம், ஒரு வளைகாப்பு. போகாமல் இருக்க முடியாது, போனால் இலையில் உட்காராமல் வர முடியாது. இதற்கு மட்டும் கொஞ்சம் விவரமாகப் பேசினோம். இலையில் கூட்டு, பொரியல், அவியல் எல்லாம் சோறு வருவதற்கு முன்பே வந்துவிடும். பொதுவாக நாம் அதைத் தொட்டுக்கொள்ளத்தான் வைத்துக்கொள்கிறோம். சோறு வருவதற்குள் அதைச் சாப்பிட்டு முடித்து, இன்னொரு தடவை காய் கேளுங்கள் என்றேன். நியூயார்க்கில் 11 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு ஒன்று 2015ல் வந்தது. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை கணிசமாகக் குறைவாக ஏறியது. பதினோரு பேர் என்பது சிறிய கணக்குதான். ஆனால் பந்தியில் யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடியது என்பதால் எனக்குப் பிடித்தமான உத்தி.

சோறு ஒரு தடவை, சாம்பாருக்கு மட்டும். ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கலாம். பாயசம் வேண்டுமானால் இரண்டு வாய், அப்பளத்தை உடைத்துப் போட்டால் அளவு தெரியாமல் போய்விடும் என்பதால் அது வேண்டாம். பரிமாறுகிறவர் வற்புறுத்தினால் “சுகர்” என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டார். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணக்கிட்டது. பந்திக்குப் பந்தி பக்கத்து இலைக்காரருக்கும் அது இருக்க நல்ல வாய்ப்புண்டு.

நடுவில் அறுந்தது

நான்காம் வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 141. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மாசியில் நாத்தனார் மகளுக்குத் திருச்சியில் கல்யாணம். மூன்று நாள் மண்டபம், வரவேற்பு இரவில் பந்தி பத்தரைக்கு. திரும்பி வந்ததும் காய்ச்சல், இருமல். பதினோரு நாள் காலண்டர் வெறுமையாகக் கிடந்தது. போனை எடுக்கவில்லை.

இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலானவர்கள் உடைவது இங்கேதான், பண்டிகையில் அல்ல. “விட்டுப்போச்சு, இனிமே தமிழ் வருஷப் பிறப்புக்கு ஆரம்பிக்கலாம்” என்று அடுத்த நல்ல நாளைத் தேடத் தொடங்குவார்கள். நல்ல நாள் பார்த்துத் தொடங்குவதில் தவறில்லை. அந்த உற்சாகம் உண்மையானது. ஆனால் விட்ட பிறகு திரும்பி வர நாள் பார்க்கக் கூடாது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010ல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியது அந்தப் படிதலைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. அமெரிக்காவில் 61,000க்கும் அதிகமான ஜிம் உறுப்பினர்களை வைத்து ஐம்பதுக்கு மேற்பட்ட உத்திகளை ஒரே சமயத்தில் சோதித்தார்கள். 2021ல் முடிவு வந்தது. அதில் முதலிடம் பிடித்தது, ஒரு நாள் தவறவிட்டுத் திரும்பி வந்தவருக்குக் கொடுத்த சிறு வெகுமதி. தொகை சில்லறைதான். வராதவரைத் திட்டாமல், திரும்பி வந்தவரை வரவேற்றது அது.

நாங்களும் முதல் நாளே ஒன்று பேசி வைத்திருந்தோம். எத்தனை நாள் விட்டாலும் சரி, திரும்பும் முதல் இரவு எட்டு மணிச் சாப்பாடும் மாத்திரையும் மட்டும். மாடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கினாலும் கணக்கில் சேரும். விட்டதற்காகக் கூடுதல் நடை கிடையாது, பட்டினி கிடையாது. பன்னிரண்டாம் நாள் இரவு 8.40க்கு அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது: மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஜோடி செருப்பு. நான் பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்பினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து

சித்திரையில் எடுத்த ஹெச்பிஏ1சி 7.4. வெறும் வயிற்றில் 128. எடை 67.5, இடுப்பு 90. இரவு மாத்திரை இந்தக் காலத்தில் ஆறு தவறியிருந்தது, அதில் நான்கு திருச்சி மண்டபத்திலும் காய்ச்சலிலும். தாழ்சர்க்கரை மறுபடி வரவில்லை. பங்குனியில் நடைத்தோழி ஊர் திரும்பியதும் காலை நடை தானாகவே தொடங்கிவிட்டது. நான் சொல்லவே இல்லை.

கவனிக்க வேண்டியது, ஆவணியில் இருந்த 7.2க்கும் 66.8 கிலோவுக்கும் அவர் இன்னும் வந்து சேரவில்லை. ஏறிய 2.1 கிலோவில் 1.4 இறங்கியது, மீதி தங்கிவிட்டது. இது புதிதல்ல. அமெரிக்காவில் 195 பேரின் எடையைப் பண்டிகைக்காலத்தில் அளந்து 2000ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக ஏறியது அரைக் கிலோகூட இல்லை, 0.37 கிலோதான். பலரும் அதைவிட நிறைய ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஏறிய அந்தச் சிறிதளவு அடுத்த மாதங்களில் இறங்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அது சேர்ந்துகொண்டே போவதுதான் கவலைக்குரிய விஷயம். பொங்கல் மறுவாரம் மூன்று நாள் கழுவினால் போகிற சமாச்சாரம் இல்லை என்பதற்கும் அதுவே விளக்கம்.

இந்த ஒரு நிகழ்விலிருந்து எவ்வளவு தூரம் பேசலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மாத்திரை, இரவு நேரம், நடை, முறுக்கு எல்லாம் ஒன்றாக மாறின. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. என் ஊகத்தில் பெரும்பங்கு தவறிய மாத்திரைகளுக்கு. பங்குனி, சித்திரையில் விருந்தாளிகள் குறைவு என்பதும் கைகொடுத்திருக்கும். குளிர்நாடுகளில் ஹெச்பிஏ1சி பனிக்காலத்தில் கொஞ்சம் ஏறிக் கோடையில் இறங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். டெல்டாவின் மார்கழியை அதோடு ஒப்பிட முடியுமா என்பது வேறு பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டு மணிச் சாப்பாடு அந்த வீட்டின் ஆணி. நைட் ஷிஃப்ட் போகும் ஒருவருக்கோ, ஒன்பது மணிக்குக் கடை சாத்தும் ஒருவருக்கோ ஆணி வேறு எங்காவது இருக்கும். காலண்டரையும் மாத்திரை அட்டையையும் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த ஐப்பசி

கடைசியாகச் சந்தித்தபோது வரப்போகும் தீபாவளியைப் பற்றிப் பேசினோம். மழை இறங்கிய அன்றிலிருந்தே நடை மாடிக்கும் ஹாலுக்கும் மாறும்; மைதானம் காயும்வரை காத்திருப்பதில்லை. மகன் குடும்பம் வந்தாலும் அத்தையும் அவரும் எட்டு மணிக்கு உட்காருவார்கள். மற்றவர்களுக்கு மருமகள் வார்ப்பார், அல்லது மகன். காபியில் சர்க்கரையைப் பாத்திரத்தில் போடாமல் டம்ளரில் போடுவது. ரத்தப் பரிசோதனை தைக்குக் காத்திராமல் கார்த்திகையிலேயே ஒன்று. வீட்டில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில்.

முறுக்கில்தான் பேரம் நீண்டது. மூன்று கிலோ அரிசியை ஒரு கிலோ ஆக்கலாம் என்றேன். சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே அது போதாதாம். ஒன்றரை கிலோவில் முடித்தோம். கொடுத்தது போக மீதி பரணுக்கு.